பத்மினிக்கு ஒரு திமில்

ஏலே மருமவனே, நேத்து ராத்திரி போன்ல நீ சொன்னத ஒண்ணு விடாம உங்க அத்தைகிட்ட ஒப்பிச்சேன். "பத்மினி காருக்குள்ள கான்டெஸ்ஸா கார் இன்ஜினை எறக்கிட்டானாம், பானட்டுதான் மூட மாட்டேங்காம்"னேன். அவ அருவாமணைய விட்டு எந்திரிக்கவே இல்ல. "ஆட்டுரல இட்லிக் கொப்பரைக்குள்ள வச்சிட்டு மூடி சரியில்லன்னு அழுதானாக்கும்"னுட்டு வெங்காயத்த அரிஞ்சா.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாமன்காரன் நான், மருமவன் ஆசைக்குக் குறுக்க நிப்பனா? தாராளமா வெட்டு. நீ இருக்குதது உல்லாஸ்நகர்லா! அந்த ஊர்ல எதைத்தான் வெட்டி ஒட்டாம விட்டாவ? கல்யாண் பக்கத்துல பட்டாள முகாமா கெடந்த எடம். பிரிவினையில சிந்துலேர்ந்து வெறுங்கையோட வந்த சனம் அந்த முகாம் கொட்டகையத் தடுத்து வீடாக்கி, வீட்டைத் தடுத்துக் கடையாக்கிச்சு. 1949 ஆகஸ்ட் 8ல அடிக்கல் நாட்ட வந்தவரு யாருங்க? நம்ம ராஜாஜி. இன்னைக்கும் ஆட்டோக்காரன்கிட்ட ஒண்ணாம் கேம்ப், அஞ்சாம் கேம்ப்புன்னுதான வழி சொல்லுத. 'மேட் இன் யு.எஸ்.ஏ.'ன்னு போட்டா உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்னு அர்த்தம்னு பம்பாயே சிரிச்ச ஊரு. அங்க ஒரு பானட்டுல ஓட்டை போடக் கூச்சப்பட்டா ஊருக்கே அவமானம்.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எதுல முட்டுதுன்னு பாத்தியா? "பானட்டுல முட்டுது மாமா"ங்க. பானட்டு அம்பது வருசமா அங்கனயேதான்ல இருக்கு. புதுசா வந்தவன்ல எவன் தலை முட்டுதுன்னு கேட்டேன். ஏர் ஃபில்டர் டப்பாவா, கார்புரேட்டரா, வால்வு மூடியா, முன்னால ஃபேனா? தெரியாது. ஆனா கட்டிங் மெஷினுக்கு மட்டும் முன்பணம் குடுத்தாச்சு.

வீட்டுல சப்பாத்திக்கு மாவு பிசையும்போது நாலு உருண்டை கேட்டு வாங்கு. கெட்டியா இருக்கணும். இன்ஜின் மேல எங்கெங்க மேடு தெரியுதோ அங்கங்க ஒண்ணு வையி. மேல எண்ணெய் தடவுன பாலிதீன் தாளப் போடு, இல்லன்னா மாவு பானட்டு அடியில ஒட்டிக்கிட்டு உன்னப் பாத்து இளிக்கும். பானட்டை மெல்ல எறக்கு, தொப்புனு போடாத. தூக்கிப் பாத்தா மாவே சொல்லும். கட்டைவிரல் தடிமன் நின்னா பயமில்ல. வடை மாதிரி தட்டையாப் போச்சுன்னா சிக்கல். காகிதமாப் போச்சுன்னா அத்தை சொன்னதுதான்.

அந்தக் கட்டைவிரல் இடைவெளி எதுக்குங்கியா? இன்ஜின் சாமி சிலை மாதிரி அசையாம இருக்காது. ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு. ஆக்சிலேட்டர மிதிச்சா உறிக் கலயம் மாதிரி ஒரு பக்கமா ஆடும். ஒருத்தன உள்ள உக்கார வச்சு, ஹேண்ட்பிரேக்கப் போட்டு, ரெண்டு மிதி மிதிக்கச் சொல்லி நீ ஓரமா நின்னு பாரு. நின்ன நெலையில முட்டாத இன்ஜின் ஓட ஆரம்பிச்சா டொக்கு டொக்குன்னு பானட்டுக்கு மேளம் வாசிக்கும்.

முக்காவாசி நேரம் குத்தவாளி ஏர் ஃபில்டர்தான். அதைத் தட்டையான டப்பாவா மாத்தலாம், இல்ல குழாய் போட்டு ஓரத்துக்குக் கொண்டு போகலாம். வாய் மட்டும் சிறுசாயிடக் கூடாது. 1817 சிசி இன்ஜினை வாங்கிட்டு, மூக்கைப் பொத்திட்டு ஓடுன்னா எப்படி ஓடும்? பத்மினில பொறந்து வளந்த இன்ஜின் 1089 சிசி. அதுக்கு இருந்த பசிக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குல்லா.

வால்வு மூடியே முட்டுச்சுன்னா மவுண்டை எறக்கணும். மேல பாக்குதவன் கீழயும் பாக்கணும் மருமவனே. இன்ஜின் எறங்குனா அடியில எண்ணெய் நிக்கித சம்ப்பு கிராஸ் மெம்பர்ல உக்காரும், ஸ்டியரிங் கம்பி உரசும், ஸ்பீடு பிரேக்கரு சம்ப்பைத் தடவிக் குடுக்கும். சம்ப்பை வெட்டி உருமாத்தலாம். ஒயரத்துல நறுக்குனதுக்கு ஈடாப் பக்கவாட்டுல வயிறு வச்சு, கொள்ளுத எண்ணெய் அளவு கொறையாமப் பாக்கணும். உறிஞ்சுத வாயும் புதுத் தரைக்கு ஏத்த ஒயரத்துல இருக்கணும். இதுக்குப் பானட்டை வெட்டுததே லேசுன்னு இப்ப உனக்குத் தோணும். தோணட்டும்.

பெரிய மனுசங்களும் இந்தப் பாட்டைப் பட்டிருக்காவ. 1954ல மெர்சிடஸ்காரன் 300 எஸ்எல் விட்டான். நெட்டையான இன்ஜின், தாழ்ந்த பானட்டு. இன்ஜினை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, எண்ணெயத் தனித் தொட்டிக்கு மாத்திப் பாத்தான். அப்பவும் பானட்டுல மேடு தேவைப்பட்டுது. ரெண்டு மேடு வச்சான், ஒண்ணு தேவைக்கு, இன்னொண்ணு சோடி சேர. ஜாகுவார் இ-டைப்புக்கும் நடுவுல திமில் உண்டு. மோரிஸ் மைனர் கதை இன்னும் ருசி. மாதிரி வண்டி ஒடுக்கமாத் தெரியுதுன்னு, அதை வடிவமைச்ச இசிகோனிஸே நெட்டுக்கு ரெண்டா அறுத்து நாலு அங்குலம் சேத்தாரு. பானட்டு நடுவுல ஓடுத பட்டை அந்த ஒட்டுதான். ஆனா அவரு வண்டி கடைக்கு வருததுக்கு முன்னால அறுத்தாரு. நீ உங்க அப்பன் 1974ல வாங்குனத அறுக்கப் போற.

இதுக்கு நடுவுல எவனோ ஒரு புத்திசாலி, பானட்டுக்குப் பின்னால நாலு வாஷர் வச்சுத் தூக்கு, சூடும் போகும்னு சொன்னானாமே. நான் இருபத்தாறு வருசம் காலி-பீலி டாக்ஸி ஓட்டுனவன். தாராவி தொண்ணூறடி ரோட்டுல வெயில்ல நிக்கும்போது நானும் தூக்கிருக்கேன். நிக்கும்போது சூடு போகும், நெசம். ஓடும்போது முன் கண்ணாடி அடியில காத்து மோதித் தேங்கி நிக்கும். அது உள்ளதான் தள்ளும், வெளிய இழுக்காது. இன்ஜின் புகை கண்ணாடி அடியில இருக்க காத்துத் துவாரம் வழியா உன் மூக்குக்கே வரும். வாசனை புடிச்சா வையி.

சரி, திமிலே வைக்கணும்னா முன்னால வாயைப் பொளந்த திமில் வேண்டாம். ஆடி மாசம் உல்லாஸ் ஆறு எப்படி வரும்னு உனக்கு நான் சொல்லணுமா? 2019 ஜூலை 27ல வாங்கணிகிட்ட மகாலக்ஷ்மி எக்ஸ்பிரஸையே நடுத்தண்டவாளத்துல நிறுத்தி, ஆயிரம் பேருக்கு மேல படகு வச்சு எறக்க வச்ச ஆறு. ரயிலுக்கே அந்தக் கதின்னா, கார்புரேட்டர் மேல புனல் வச்ச வண்டிக்கு என்ன கதி? மூடுன திமில் வையி. பானட்டு அடியில எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம் ஓடும், அதை அறுத்தா ஓட்டையச் சுத்தி வேற சட்டம் கட்டு. மெல்லிசுத் தகடு. ஒரே மூச்சுல வெல்டு வச்சா அப்பளமா நெளியும். இங்க ஒரு பொட்டு, அங்க ஒரு பொட்டுன்னு ஆற விட்டு வைக்கணும். நெளிசல மறைக்கப் பட்டி அப்புனா, ரெண்டு மழைக்கு அப்புறம் அது கன்னத்துப் பவுடர் மாதிரி உதிரும்.

அப்புறம் கல்யாண் ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு நடை போயிட்டு வா. கம்பெனி குடுத்த வடிவத்த மாத்தக் கூடாதுன்னு 52ஆம் பிரிவு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் சொல்லிச்சு. அதே வருசம் வந்த திருத்தத்துல அபராதம் மாத்தம் ஒண்ணுக்கு ஐயாயிரம், ஆறு மாசம் உள்ளயும் போடலாம். மாத்தம் ஒண்ணுக்குன்னு இருக்கதக் கவனிச்சியா? இன்ஜின், பானட்டு, கியருக்காகத் தரையில போட்ட ஓட்டை... எண்ணிக்கோ, மொய் எழுதுத மாதிரி. இன்னொண்ணு. 2021 ஜூலைல மத்திய சர்க்காரு அம்பது வயசான வண்டிக்கு 'விஏ' நம்பரு தாரோம்னு விதி போட்டுது. இருபதாயிரம் ரூவா. கூடும் இன்ஜினும் பெருசா மாறிருக்கக் கூடாது. உன் பத்மினிக்கு இப்பதான் அந்த வயசு வந்துது. பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் வாசலுக்கு வந்த அன்னைக்கு மொட்டை போட்ட கதை.

குர்லா ஃபேக்டரில பொறந்த சாதி அது. 2023 அக்டோபர் 30லேர்ந்து பத்மினி டாக்ஸி பம்பாய்ல ஒண்ணுகூட ஓடல. அன்னைக்கு நான் சோறு திங்கல, அத்தைகிட்ட வயிறு சரியில்லன்னு சொல்லிட்டேன்.

கேக்க மறந்துட்டேன், பிரேக்கு? நாலு சக்கரத்துலயும் அதே பழைய டிரம்தானாமே. ஓடுததுக்கு இவ்வளவு ஏற்பாடு பண்ணுன புள்ள, நிக்கிததுக்கு ஷகாட் பாலத்து டிராஃபிக்க நம்பியிருக்கான். அதுவும் சரிதான், அங்க எவன் வண்டிதான் ஓடுது?

எப்படியும் வெட்டத்தான் போற. ஞாயித்துக்கிழமை மாவு உருண்டையோட நான் வாரேன், அதுக்கு முன்னால மெஷினத் தொடாத. இல்ல, அவசரப்பட்டுக் கோணையா வெட்டித் தொலைச்சிட்டன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுறாத. மொட்டைமாடில வத்தல் காயப்போட அகலமா ஒரு தகடு வேணும்னு அத்தை ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்கா.