பின்லாந்துக்குப் போற வண்டி எத்தனை மணிக்கு?

ஏலே தம்பி, வா, இங்ஙன உக்காரு. பிள்ளையைப் பின்லாந்து முறைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறியாமே? தெருவெல்லாம் அதே பேச்சு. வருசத்துக்குப் பணம் எவ்வளவுன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். அந்த நோட்டீசை மட்டும் காட்டு, பாப்போம்.

நல்ல வழுவழு பேப்பர்தான். பனி பேஞ்ச காடு, கொம்பு வச்ச மான், மஞ்சமுடிப் பிள்ளை ஒண்ணு சிரிக்குது. கீழ என்ன போட்டிருக்கான்? ‘எல்லா வகுப்பறையும் ஏசி.’ ஏலே, பின்லாந்துக்காரனுக்கு எதுக்குடா ஏசி? அவன் சன்னலைத் திறந்தா வெறைச்சுப் போவான்லா?

இன்னொண்ணு சொல்லு. உன் பிள்ளைக்கு வயசு மூணரை. பின்லாந்துல ஏழு வயசுலதான் ஒண்ணாம் வகுப்பு. அதுக்கு முன்னால பெரும்பாலும் விளையாட்டுதான். இவன் மூணரை வயசுப் பயலை முன்னால நிறுத்தி, ஆப்பிள் படத்தைக் காட்டி இது என்ன நிறம்னு நேர்காணல் வச்சானாமே? உங்க ரெண்டு பேரு படிப்பையும் வேற கேட்டானாமே? இது எந்தப் பின்லாந்துல உள்ள வழக்கம்?

கோவிச்சுக்காத. நீ மட்டுமில்ல, உலகத்துல பெரிய பெரிய மந்திரிமாரும் இந்தக் கூத்துலதான் இருக்காங்க. கதையைச் சொல்லுதேன், கேட்டுக்க. பாரிசுல ஓஇசிடின்னு ஒரு சங்கம் இருக்கு. பணக்கார நாடுகள் கூடி வச்சிருக்கிற பொருளாதாரச் சங்கம். அவங்க 2000-ல பிசான்னு ஒரு பரீட்சை வச்சாங்க. பதினஞ்சு வயசுப் பிள்ளைகளுக்கு வாசிப்பு, கணக்கு, அறிவியல். மறு வருசம் டிசம்பர்ல மார்க் வந்துச்சு. வாசிப்புல பின்லாந்து முதல். பின்லாந்துக்காரனுக்கே ஆச்சரியம். அவ்வளவுதான், ஊர் உலகமெல்லாம் கம்பளிக் கோட்டு தைக்கக் குடுத்துட்டுக் கிளம்பிருச்சு.

போனவங்க என்னத்தப் பாத்தாங்க? செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கிற பிள்ளைகளைப் பாத்தாங்க. வீட்டுப்பாடம் கொஞ்சமா இருக்கிறதைப் பாத்தாங்க. பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவுல வெளிய ஓட விடுறதைப் பாத்தாங்க. எல்லாத்தையும் படம் பிடிச்சாங்க. சம்பந்தி வீட்டுல மீன்குழம்பு ருசியா இருந்துச்சுன்னு சட்டியை மட்டும் இரவல் வாங்கிட்டு வந்தா ஒருத்தி. அந்தக் கதைதான்.

அப்போ மீன் எது? அதை எவனும் நோட்டீசுல போட மாட்டான். 1968-ல அந்த நாட்டுல ஒரு சட்டம் போட்டாங்க. அதுவரைக்கும் பத்துப் பதினோரு வயசுலயே, நீ மேல்படிப்புக்கு, நீ தொழிலுக்குன்னு பிள்ளைகளைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. இனிமே எல்லாருக்கும் ஒன்பது வருசம் ஒரே பள்ளிக்கூடம்னு ஆக்கினாங்க. ஆக்கினதை எங்க ஆரம்பிச்சாங்க தெரியுமா? தலைநகரத்துலயா? கிடையாது. 1972-ல வடகோடி லாப்லாந்துல ஆரம்பிச்சு, பைய தெக்க இறங்கி, ஹெல்சிங்கி பக்கம் வந்து முடிக்கும்போது 1977. நம்மாளா இருந்தா திங்கக்கிழமை உத்தரவு போட்டு, புதன்கிழமை படம் பிடிச்சுப் பேப்பர்ல போட்டிருப்பான்.

1979-ல இன்னொரு வேலை செஞ்சாங்க. ஒண்ணாம் வகுப்புக்குச் சொல்லிக் குடுக்கணும்னாலும் முதுகலைப் படிப்பு முடிச்சிருக்கணும்னுட்டாங்க. மத்தியானச் சோறு 1948-ல இருந்தே எல்லாப் பிள்ளைக்கும் ஓசி. இவ்வளவும் செஞ்சு முடிச்சு, வாத்தியாரைத் தேத்தின பிறகுதான், தொண்ணூறுகளோட ஆரம்பத்துல இன்ஸ்பெக்டரை நீக்கினாங்க. பாடப்புத்தகத்துக்கு அரசாங்கம் முத்திரை குத்துறதையும் நிறுத்தினாங்க. மேல்நிலைப் படிப்பு முடியும்போதுதான் நாடு முழுக்க ஒரு பெரிய பரீட்சை. முதல்ல ஆளைத் தயார் பண்ணினான், பிறகு கையை விட்டான். வரிசையைக் கவனிச்சியா?

உன் பள்ளிக்கூடத்துக்காரன் அந்தக் கடைசி வரியை மட்டும் படிச்சிருக்கான். வாத்தியாருக்கு முழுச் சுதந்திரமாம். அந்த வாத்தியாரம்மாவுக்கு மாசம் என்ன சம்பளம்னு விசாரிச்சியா? விசாரிச்சா கொத்தனார் கையாளே சிரிப்பான்.

சரி, அந்தப் பின்லாந்தாவது நின்ன இடத்துல நிக்குதா? 2006-ல கணக்குல 548 மார்க். 2022-ல 484. அதே வருசம் 575 வாங்கி சிங்கப்பூர் முதல். உடனே எல்லாவனும் கோட்டைக் கழட்டி எறிஞ்சுட்டு சிங்கப்பூருக்கு டிக்கெட் போடுதான். ஆனா சிங்கப்பூர்க்காரன் என்ன சொன்னான்? ‘கொறைச்சுச் சொல்லிக் குடுங்க, பிள்ளை நிறையக் கத்துக்கிடட்டும்’னு 2004-லயே பிரதமர் மேடையில நின்னு சொல்லியாச்சு. நல்ல பேச்சுதான். மிச்சத்தை யாரு சொல்லிக் குடுப்பா? டியூசன் வாத்தியாருதான். 2017-18-ல எடுத்த வீட்டுச் செலவுக் கணக்குல அந்தச் சின்ன ஊரு டியூசனுக்கு மட்டும் வருசத்துக்கு 140 கோடி சிங்கப்பூர் வெள்ளி கொட்டியிருக்கு. பன்னெண்டு வயசுல எழுதுற பரீட்சை அப்படியே நிக்கும்போது டியூசன் எப்படிடா போகும்?

ஜப்பான்காரன் கதை இதைவிடச் சிரிப்பு. பிள்ளைக மூச்சு முட்டுதுன்னு 2002-ல பாடத்துல முப்பது சதம் வரைக்கும் வெட்டினான். சனிக்கிழமையும் லீவு விட்டான். வட்டக் கணக்குல 3.14-ஐ விட்டுட்டு வெறும் 3-னு சொல்லிக் குடுக்கப் போறாங்கன்னு ஒரு புரளி கெளம்பி, பெத்தவங்க வயித்துல அடிச்சுக்கிட்டாங்க. அடுத்த பிசாவுல சறுக்கினதும் நாடே கோட்டி பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. 2011-ல வெட்டினதுல பலதையும் திரும்ப ஒட்டியாச்சு. வெட்டினதும் அதே இலாகா, ஒட்டினதும் அதே இலாகா. தென்கொரியாவுல காலேஜ் நுழைவுப் பரீட்சை அன்னிக்கு, இங்கிலீசு கேட்டு எழுதுற நேரத்துல ஆகாயத்துல பிளேன் ஏறாது, இறங்காது. அந்த நாட்டுப் பிள்ளை மார்க்கைப் பாத்துட்டு இங்க ஒருத்தன் பெருமூச்சு விடுதான்.

இங்கிலாந்துக்காரன் 2016-ல 4.1 கோடி பவுண்டு எடுத்து வச்சு, எட்டாயிரம் ஆரம்பப் பள்ளிக்கூடத்துல சாங்காய்க் கணக்கு முறையைக் கொண்டு வரணும்னான். பொட்டலத்தை முழுசாப் பிரிக்கிறதுக்குள்ள, 2021-ல சீனாக்காரன் எங்க பிள்ளைகளுக்குப் பாரம் தாங்கலைன்னு வீட்டுப்பாடத்தையும் டியூசனையும் வெட்ட ஆரம்பிச்சுட்டான்.

சீமைக்காரனுக்கு இரவல் ஒண்ணும் புதுசில்ல. 1789-ல மெட்ராஸ் எழும்பூர்ல பட்டாளத்துக்காரங்களோட அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரி அதுக்கு மேற்பார்வை. நம்ம நாட்டுப் பள்ளிக்கூடத்துல பிள்ளைக மணல்ல விரலை வச்சு எழுதுறதைப் பாத்தாரு. தன் வாத்தியார்மாரை அப்படிச் செய்யச் சொன்னா முகத்தைச் சுளிச்சாங்க. மனுசன் விடலை. எட்டு வயசுப் பயல் ஒருத்தனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக் குடுன்னுட்டாரு. நடந்துருச்சு. ஊருக்குப் போய் 1797-ல புத்தகம் போட்டாரு. மெட்ராஸ் முறைன்னு பேரு. ஒரு வாத்தியாரை வச்சு நூத்துக்கணக்குல பிள்ளைகளை மேய்க்கலாம்னதும் இங்கிலாந்துல செலவுக் கணக்குப் பாக்குறவனுக்கெல்லாம் வாயெல்லாம் பல்லு. ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ்ல மெட்ராஸ் காலேஜ்னு ஒரு பள்ளிக்கூடம் இன்னைக்கும் நடக்கு. அவனும் சட்டியைத்தான் தூக்கிட்டுப் போனான். பிள்ளையோட அப்பன் பாட்டன் பேரு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருந்த அண்ணாவி வாத்தியாரு திண்ணையிலயே நின்னுட்டாரு.

நம்ம யோக்கியதையையும் சொல்லிருதேன். அந்த பிசாவுல 2009 சுத்துக்கு நம்ம தமிழ்நாடும் இமாச்சலமும் போய் உக்காந்துச்சு. 74 பேருல நாம கடைசி மூணு இடத்துக்குள்ள. டெல்லி என்ன சொல்லிச்சு? கேள்வியெல்லாம் நம்ம பிள்ளைக வாழ்க்கைக்குச் சம்பந்தமில்லாததுன்னு. அது முழுப் பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்குப் பிறகு இன்னைய வரைக்கும் நாம அந்தப் பக்கமே போகலை. பரீட்சைக்குப் போகாதவன் பெயிலாக மாட்டான், பாத்துக்க.

அடுத்த நாட்டைப் பாக்காதன்னா சொல்லுதேன்? நல்லாப் பாரு. ஆனா காசு செலவில்லாத சரக்கை மட்டும் ஏன் எவனும் இறக்குமதி பண்ண மாட்டேங்கான்? ஜப்பான்ல பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளே தூத்துப் பெருக்குது, முழங்கால் போட்டுத் தரையைத் துடைக்குது. டாக்டர் மகனும் துடைப்பான், டிரைவர் மகனும் துடைப்பான். உன் பிள்ளை கையில வெளக்கமாத்தைக் குடுத்தா நீயே போய்க் கேசு போடுவ. இங்ஙன வெளக்கமாறு யாரு பிள்ளை கைக்கு மட்டும் போகும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பாடத்திட்டத்தை மாத்த எந்தக் குழுவும் விமானம் ஏறலை.

இனிமே மந்திரியோ தாளாளரோ பின்லாந்துக்குக் கிளம்பினா ஜனவரியில போகச் சொல்லு. காலையில எட்டரை மணிக்கும் இருட்டாத்தான் கிடக்கும். அந்த இருட்டுல தனியா நடந்து வாற பிள்ளையைப் படம் பிடிச்சது போதும். வாத்தியாரம்மா பக்கத்துல போய் உக்காரட்டும். நீ எத்தனை வருசம் படிச்சே, இந்தப் பாடத்தை இப்படி நடத்தலாம்னு யாரு முடிவெடுக்கா, சம்பளம் ஒழுங்கா வருதா, இந்த மூணையும் கேட்டுட்டு வரட்டும்.

நீயும் நாளைக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னால அதே மூணையும் உன் பள்ளிக்கூடத்துல கேளு. நோட்டீசைக் காட்டி மழுப்பினான்னா எழுந்து வந்துரு. நம்ம கீழத்தெரு அரசுப் பள்ளிக்கூடத்துல சேர்க்கை இன்னும் முடியலை.