அந்தராத்மாவுக்கு ஒரு கொறடா

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் பளியர் பழங்குடிக் குடியிருப்புப் பக்கம் ஜீப்பில் வந்து இறங்குகிற பெரிய மனிதர்களுக்கு ஒரு கேள்வி நாக்கு நுனியிலேயே இருக்கும்: "இங்க உங்க தலைவர் யாருப்பா?"

பளியர் மரபில் அப்படி ஒருவர் கிடையாது. 1960-களில் இந்த மலைத்தொடரின் பளியரோடு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஒருவர் இன்னொருவருக்கு உத்தரவு போடுவது இவர்களிடம் அவமரியாதை. போட்டி போடுவதும் அப்படியே. மனஸ்தாபம் முற்றினால் கை ஓங்குவதில்லை; ஒருவர் எழுந்து வேறிடம் போய்விடுவார். வளர்ந்த பிள்ளையைப் பெற்றவர்கூட அதட்டுவதில்லை. தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள் இவ்வளவையும் செய்தார்கள். ஆனால், பாவம், அதைப் பற்றி நூல் எழுதவில்லை. அதனால் பின்தங்கியவர்கள் ஆனார்கள்.

நூல் எழுதியவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். ஊரோடு ஒத்துப்போகாதே, உன்னை நம்பு என்று 1841-ல் கட்டுரை எழுதினார் எமர்சன். அவருடைய நண்பர் தோரோ 1845-ல் வால்டன் குளக்கரையில் குடிசை போட்டார். நிலம் எமர்சனுடையது. மறு ஆண்டு வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தார். யாரோ வரியைக் கட்டி வெளியே கொண்டுவந்தார்கள். இரண்டு ஆண்டு சொச்சத்தில் குடிசையைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பினார். அந்த ஓர் இரவிலிருந்து பிறந்த கட்டுரை காந்திக்குத் துணை நின்றது என்பதால் அவரை விட்டுவிடலாம். அவர் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்களை விட முடியாது. மலையடிவார விடுதியில் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்துகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நிற டீ-சர்ட். "நீ நீயாக இரு" என்று பயிற்சியாளர் கத்த, எல்லோரும் ஒரே குரலில் திருப்பிக் கத்த வேண்டும். கத்தாதவனுக்கு அடுத்த ஆண்டு ஊதிய உயர்வு சந்தேகம்தான்.

கோட்டையில் இந்தத் தனித்தன்மை இன்னும் செழிப்பு. 2017 பிப்ரவரி 7 இரவு, மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தின் முன் அ.தி.மு.க.வின் ஓ. பன்னீர்செல்வம் கண்மூடி உட்கார்ந்தார். எழுந்து வந்தவர், அம்மாவின் ஆன்மா உந்தியதால் உண்மையைச் சொல்வதாகச் சொன்னார். எமர்சன் அவரவர் ஆன்மாவைக் கேட்கச் சொன்னார். நமக்கு அதற்கும் தலைமையின் ஆன்மாதான் வேண்டியிருந்தது. கட்சியில் எதிர்ப்பக்கத்து எம்.எல்.ஏ.க்களின் மனசாட்சிகள் கூவத்தூர் விடுதியில் காவலோடு பத்திரமாக இருந்தன. பிப்ரவரி 18-ல் முதல்வர் பழனிசாமி கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 122, எதிர்ப்பு 11. அந்தப் பதினொன்றில் அவரும் ஒருவர்.

1985-ல் அரசியலமைப்பில் வந்த கட்சித்தாவல் தடைக்கான பத்தாவது அட்டவணைப்படி, கட்சிக் கொறடா சொல்லுக்கு மாறாக வாக்களித்தால் பதவி பறிபோகலாம். போயிற்றா? ஆகஸ்ட் 21-ல் அவர் துணை முதல்வர் ஆனார். மறுநாள், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தது அதே கட்சியின் தினகரன் அணி. அவர்கள் சபையில் மாற்றி வாக்களிக்கக்கூட இல்லை. செப்டம்பர் 18-ல் அவர்களில் 18 பேருக்குப் பதவி போயிற்று. நம் விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூரும் அதில் ஒன்று. 2019 இடைத்தேர்தல் வரை தொகுதிக்கு உறுப்பினரே இல்லை. அந்தராத்மா எப்போது பேசலாம் என்பதற்கு முகூர்த்தம் உண்டு. அதைக் குறித்துக் கொடுப்பது சபாநாயகர்.

எதிர்த்து வாக்களித்தவருக்கு நாற்காலி, கடிதம் கொடுத்தவருக்கு வாசல். இதைக் கட்டிக் காக்கும் கூட்டம்தான் பளியருக்குத் தலைமை கற்றுத்தர ஜீப் ஏறி வருகிறது.

1988-ல் இந்தக் காடு சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அணிலும் புலியும் வாழட்டும், அவற்றோடு பளியருக்குச் சண்டையில்லை. காட்டுக்குள் தேனெடுக்க உரிமை உண்டா என்பதைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வால்டன் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் இருந்திருந்தால், தோரோவிடமும் பட்டா எங்கே என்றுதான் கேட்டிருப்பார்கள்.

2006 வனவுரிமைச் சட்டம் கிராம சபையைக் கேட்கச் சொல்கிறது. பளியர் வழக்கப்படி ஒருவர் இன்னொருவருக்காகப் பேசுவது அழகல்ல. ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். ஜீப்பில் வந்தவர்களுக்கு அதற்கு ஏது நேரம்? கையெழுத்துப் போட ஒரே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர்தான் தலைவர்.