கசிவில் வாழ்ந்த நத்தை

கேள்வி: அரியலூர்ப் பாறைகளில் சங்கும் சிப்பியும் கிடைக்கின்றன. ஆழ்கடலில் மீத்தேன் கசியும் இடத்தில் வாழ்ந்த, குல்லா போன்ற ஓடுள்ள நத்தையும் கிடைக்குமா? - வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் பாற்கடல் பழக்கம், பக்கத்திலேயே உப்புக்கடலும் இருந்தது! சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர், காரை, உத்தத்தூர் எல்லாம் கடலடி. அங்கே கிடைத்த நத்தை, சங்குகளை 1860-களில் ஆராய்ந்து நூலாக்கியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஸ்டோலிச்கா. ஆனால் அது பெரும்பாலும் ஆழமில்லாத கடல். கசிவு நத்தைக்கு வேண்டியது வேறு வீடு.

வெயில் எட்டாத கடலடியில் மீத்தேன் கசியும். நுண்ணுயிர்கள் அதை உண்டு வாழும். அந்த வேதிவினையில் சுண்ணாம்பு படிந்து, அங்கிருந்த ஓடுகளையும் சேர்த்து இறுக்கிவிடும். சேற்றுப்பாறை நடுவே தனியாக நிற்கும் சுண்ணாம்புக் கட்டிதான் அடையாளம். பாக்டீரியாப் படலத்தை மேய்ந்த நத்தைகள் அதற்குள் அப்படியே இருக்கும். ஜப்பானின் ஹொக்கைடோவில் டைனோசர் காலத்துக் கட்டிகளிலேயே கிடைத்திருக்கின்றன. நம் பக்கம் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் இன்றும் மீத்தேன் கசிகிறது.

அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். வழியில் அம்மோனைட் போன்ற புதைபடிவம் கண்ணில் பட்டால் வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். கிடந்த இடம் தெரியாத கல்லால் ஆய்வாளருக்குப் பயன் குறைவு.