ஆறு சொல்லில் ஆட்சிக் கவிழ்ப்பு: ஓர் ஆய்வு

பிரிட்டனின் அரசியல் சாசனம் ஒரே ஏடாக எழுதப்படவில்லை என்பது அறிஞர் துணிபு. அதற்கொரு பிற்சேர்க்கையை 2005 டிசம்பர் 25 அன்று பிபிசி ஒளிபரப்பியதை அவர்கள் கவனிக்கவில்லை. ரசல் டி. டேவிஸ் எழுதிய ‘டாக்டர் ஹூ’ கிறிஸ்துமஸ் கதையில், தோற்றுத் திரும்பிக்கொண்டிருக்கும் வேற்றுலகக் கப்பலைத் தகர்க்கச் சொல்கிறார் பிரதமர் ஹேரியட் ஜோன்ஸ். சினந்த கதைநாயகர் டாக்டர், ஜோன்ஸின் உதவியாளரின் காதில், “அவர் களைத்துப்போனவர்போல் தெரியவில்லையா?” என்கிறார். கதை முடிவதற்குள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்துவிடுகிறது. பிற்பாடு பிரதமராயிருந்த தெரேசா மே தடுமாறியபோது, இணையம் அதே கேள்வியை மீமாக்கி அவர் காதிலும் ஓதியது.

சோர்வு மூவகைப்படும்: உற்ற சோர்வு, காட்டிய சோர்வு, ஏற்றிய சோர்வு. முன்னிரண்டும் மருத்துவர்பாற் படும்; விடுக. மூன்றாவதே அரசியலுக்குரியது. அதன் வலிமை, அது எதையும் சொல்லாமையில் இருக்கிறது. குற்றச்சாட்டை மறுக்கலாம், ஆதாரம் கேட்கலாம். கேள்வியோ செவிமடுத்தவரைத் திரும்பிப் பார்க்க மட்டுமே வைக்கிறது. அவர் திரும்பிவிட்டாலே காரியம் முடிந்தது. ‘எனக்கொன்றும் களைப்பில்லை’ என்று நாள் முழுதும் மறுப்பவரின் முகம் மாலையில் எப்படியிருக்கும்? ‘என்ன சொன்னார்?’ என்று ஜோன்ஸ் பதறிக் கேட்கும் இடமே இதற்குச் சான்று.

கவிழ்த்தது கேள்வியன்று, கப்பலைத் தகர்த்த பாவமே என்பர் ஒரு சாரார். 1982 போரில் பிரிட்டன் அறிவித்திருந்த விலக்கு மண்டலத்துக்கு வெளியே, அப்பால் விலகிப் போய்க்கொண்டிருந்த அர்ஜென்டீனக் கப்பல் ‘பெல்கிரானோ’வை மார்கரெட் தாட்சரின் அரசு மூழ்கடித்தது, 323 பேர் மாண்டனர். மறு ஆண்டே தாட்சர் பெரும்பான்மையைப் பெருக்கிக்கொண்டு வென்றார். ஆகவே கப்பல் போதாது, கிசுகிசு வேண்டும். இது பெண்களிடம் மட்டுமே பலிக்கும் என்பது அடுத்த தடை. 2015இல் தம் தேர்தல் போட்டியாளர் ஜெப் புஷ்ஷைத் தெம்பில்லாதவர் என்று டிரம்ப் எள்ளியதைக் காண்க. ஆனால் ஆணிடம் அதை ஊரறிய ஏசித்தான் சாதிக்க வேண்டியிருந்தது. பெண்ணுக்கு அக்கறையான ஒரு குரல் போதும். இத்தடையில் பாதி நியாயம் உண்டு.

இனி, அறிஞருலகம் உறக்கம் தொலைக்க வேண்டிய சிக்கல். ஆட்சியைக் கவிழ்க்க டாக்டர் முதலில் வாக்களித்தது ஒற்றைச் சொல். பிறகு ஆறு என்று திருத்தினார். ஐந்நூறு விழுக்காடு செலவேற்றம். எனினும், ஒரு சொல்லில் அடங்குவதை முந்நூறு பக்க முனைவர்பட்டமாக்குவோர் இதைக் குறைகூறல் தகாது. ஜோன்ஸ் மூன்று தவணை ஆள்வார் என்று டாக்டரே முன்னொரு கதையில் கூறியிருக்கிறார். தவணைக்கு ஐந்தாண்டென்றால், ஆங்கில மூலத்தின் ஒவ்வொரு சொல்லும் இரண்டரை ஆண்டு ஆட்சியைத் தின்றிருக்கிறது. இரு சொல்லின் சுருக்கமான முதற்சொல்லைப் பிரித்து மொத்தம் ஏழென்பாரும் உளர். அவர் கணக்கில் சொல்லுக்கு 2 ஆண்டு, 1 மாதம், 21 நாள். ‘ஏழென்பது ஏடெழுதுவோர் பிழை’ என்பது பழையவுரை. ‘பழையவுரையே பிழை’ என்பது புத்துரை. இரண்டும் படியாமல் இரண்டையும் மறுப்பது பேராசிரியருரை. அன்னார் பெயரைச் சுட்டாதது கருணையால்.

இத்தனை உரைகளிலும் ஒருவர்கூடத் தொடாத செய்தி ஒன்றுண்டு. டேவிட் டெனன்ட் நடித்த அந்த டாக்டர், கதையின் பெரும்பகுதியில் படுக்கையில் நினைவின்றிக் கிடந்தவர். ஒரு பிரதமரின் களைப்பை அவர் கண்டுபிடித்தபோது, இரவு உடையைக்கூட மாற்றியிருக்கவில்லை.