பெயர் சூட்டிய பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மாண்புமிகு கிளவுட் ஆளுகைக் குழுவினர், எங்கள் அலுவலகம், சென்னை.

பொருள்: அஷ்யூர் டேட்டாபிரிக்ஸில் ஒர்க்ஸ்பேஸ் அமைத்துத் தந்தமைக்கு நன்றி நவிலல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

ஒர்க்ஸ்பேஸ் கிடைத்தது. அதற்குப் பெயர் வைக்கத் தாங்கள் கூடிக் கூடிப் பேசியதை அலுவலகமே அறியும். துறையின் சுருக்கம் முன்னால் வருமா, பின்னால் வருமா, நடுவில் எத்தனை கோடு என்றெல்லாம் அலசி, ஒரே மூச்சில் படிக்க முடியாத பெயரொன்றை அருளினீர்கள். பிரவுசரில் திறந்தால் முகவரியில் ஒரு நீளமான எண்தான் தெரிகிறது. போகட்டும், அந்தப் பெயரை இனி மாற்றவும் முடியாது.

ரீஜன் எது என்ற கட்டத்துக்கு இத்தனை விவாதம் வாய்க்கவில்லை. பழைய படிவம் ஒன்றைப் பார்த்து வர்ஜீனியா என்று நிரப்பிவிட்டீர்கள். எங்கள் தரவு இருப்பதோ 'சவுத் இந்தியா' ரீஜனில். அதாவது இதே சென்னையில். அன்றாடம் அது கடல் தாண்டிப் போய், கூட்டிக் கழிக்கப்பட்டு, ஊர் திரும்புகிறது. ரீஜன் விட்டு ரீஜன் போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் கட்டணம் உண்டு. அமைத்த ஒர்க்ஸ்பேஸை வேறு ரீஜனுக்கு மாற்ற வழியில்லை. புதிதாக ஒன்று அமைத்துத்தான் குடிபெயர வேண்டும். புதியதற்கும் பெயர் வைக்கத் தாங்கள் கூடுவீர்களே என்றுதான் வாய் திறக்காமல் இருக்கிறோம்.

அடுத்தது தங்கள் சிக்கனம். ஒர்க்ஸ்பேஸுக்கான இரண்டு சப்நெட்டுக்கும் தலா '/26' அளந்து கொடுத்தீர்கள். அதில் 64 முகவரிகள். 5-ஐ அஷ்யூர் தனக்கென்று வைத்துக்கொள்ளும். கிளஸ்டரின் ஒவ்வொரு நோடும் இரண்டு சப்நெட்டிலும் ஒவ்வொரு முகவரி கேட்கும். ஆக, எல்லா அணிகளுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் 59 நோடுகள். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு கிளஸ்டரை எழுப்பினால் விற்பனைப் பிரிவு வரிசையில் நிற்கிறது. உள்வலை ஐபி முகவரிக்குக் காசு கிடையாது என்பதைத் தங்களிடம் யார் சொல்வது?

தாராளம் காட்டியது ஓரிடத்தில். சும்மா இருக்கும் கிளஸ்டர் எத்தனை நிமிடத்தில் தானாக அணைய வேண்டும் என்ற கட்டத்தின் டிக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை எழுப்பிய கிளஸ்டர் ஒன்று, திங்கட்கிழமை காலை வரை ஒரு வரிகூட ஓட்டாமல் விழித்திருந்தது. டிபியு என்ற அலகில் நொடிக் கணக்காக ஏறும் கட்டணம் ஒருபுறம், விர்ச்சுவல் மெஷினுக்கான கட்டணம் மறுபுறம். பில் தங்களுக்கு வந்தது. விளக்கம் கேட்கும் மெமோ எங்களுக்கு வந்தது.

எனவே தாழ்மையாகக் கோருவது: பிறகு மாற்ற முடியாத ரீஜனையும், மாற்றினால் பெரும்பாடாகும் சப்நெட்டையும், அதில் வேலை செய்யப்போகிறவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கம்ப்யூட் பாலிசி என்று ஒன்று இருக்கிறது; அதில் சும்மா இருக்கும் கிளஸ்டர் 20 நிமிடத்தில் அணையும்படி பூட்டிவிடுங்கள். அதே விதியைத் தங்கள் கூட்டங்களுக்கும் நீட்டித்தால் நிறுவனத்துக்கு மிச்சமாகும் தொகை டேட்டாபிரிக்ஸ் பில்லையே கட்டிவிடும்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்கும் டேட்டா இன்ஜினியர்