ஒரு டப்பா பெயிண்ட்

சாதியை ஒழிக்க ஒரு டப்பா பெயிண்ட் போதும் என்று 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கண்டுபிடித்தது. ஊர், தெரு, சாலை, குளம் எதன் பெயரில் சாதி ஒட்டியிருந்தாலும் சுரண்டி எடுத்துவிட்டுப் பூவின் பெயரோ புலவர் பெயரோ தலைவர் பெயரோ வைக்கச் சொல்லி அரசாணை. அதே மாதம் 9ஆம் தேதி, கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தை முதல்வர் திறந்துவைத்தார். பெயர், ஜி.டி. நாயுடு மேம்பாலம். வெறும் ஜி.டி. என்று போட்டால் யாருக்குப் புரியும் என்று விளக்கமும் வந்தது. நியாயம்தானே. நாயுடு என்றால் அடையாளம், சக்கிலியர் தெரு என்றால் அசிங்கம்.

விழுப்புரத்துக்காரர்களுக்கு இந்த வித்தை பழசு. 1993இல் தென்னார்க்காட்டைப் பிரித்தபோது எங்களுக்குச் சூட்டிய பெயர் விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம். வன்னியர் ஓட்டுக்கு வைத்த பலகை, நாலு வருஷம் தாங்கியது. 1997இல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். கட்டபொம்மனின் தளபதிதான்; ஆனால் தேவேந்திரர் குலத்தில் பிறந்துவிட்டாரே! அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள் தென்மாவட்டத்து ஆதிக்க சாதியினர். கலவரம். வீம்பு பிடித்தவனை வழியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டிய அரசு, எல்லாப் பஸ்ஸிலிருந்தும் எல்லாப் பெயரையும் இறக்கியது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமும் அதில் போயிற்று. தன் பெயரிலிருந்து நாயக்கரை வெட்டி எறிந்த கிழவரையே, சாதிவெறிக்குப் பயந்து நடுரோட்டில் இறக்கிவிட்டார்கள்.

இனி நகராட்சி ஊழியர் டப்பாவோடு வழுதரெட்டிக்குப் போகட்டும். எதை அழிப்பார்? ‘வழுத’ என்று விட்டுவிட்டு வருவாரா? அப்படியே திண்டிவனம் பக்கம் ரெட்டணைக்கும் போனால் ஊருக்கு ‘ணை’தான் மிஞ்சும்.

சிரித்தது போதும். ‘காலனி’ என்ற சொல்லும் அரசு ஆவணங்களில் இனி இருக்காது என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வரவில்லை. பலகையே இல்லாவிட்டாலும், தார்ச்சாலை எங்கே முடிகிறது, சுடுகாட்டுக்குப் பிணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால் போதும், எந்தச் சாதித் தெரு என்று வெளியூர்க்காரனும் சொல்லிவிடுவான். அதையெல்லாம் மாற்றக் காசு செலவாகும். ஆளும் பகைப்பான், ஓட்டும் போகும். பெயிண்டுக்கு அந்த வம்பில்லை.

பலகையை மாற்றப்போவது யார்? திண்டிவனம் நகராட்சி அலுவலகத்தில் தலித் ஊழியர் ஒருவர் கவுன்சிலரின் காலில் விழும் காட்சி, அரசாணை வருவதற்கு முந்தைய மாதம்தான் ஊரெல்லாம் ஓடியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. இப்படிப்பட்ட அலுவலகங்கள்தான், எந்தத் தெருவுக்கு மல்லிகை, எந்தத் தெருவுக்கு ரோஜா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியாரை ஜனங்கள் தாமாகவே ஓமந்தூரார் ஆக்கிக்கொண்டார்கள். அதற்கு அரசாணை தேவைப்படவில்லை. கோயிலுக்குள் தலித்துகள் போவதற்குத்தான் தேவைப்பட்டது. அவர் முதல்வராக இருந்த 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 76 வருஷம் கழித்து, அவர் பிறந்த மாவட்டத்திலேயே, மேல்பாதி கிராமத்தில் தலித்துகளைக் கோயிலுக்குள் விடமாட்டோம் என்றார்கள். 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அதன் பெயர் திரௌபதி அம்மன் கோயில். சாதிப் பெயர் எதுவும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அரசாணைப்படி அங்கே அழிப்பதற்கு ஒன்றுமே இல்லை.