பெரகலச் சந்தி அண்ணன்

கொழும்பிலிருந்து ஏறி வரும் ஏ-4 வீதி பெரகலச் சந்தியில் திரும்பி, கொஸ்லந்தை, வெல்லவாயப் பக்கம் இறங்கிவிடுகிறது. ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி-எலக்குப் போகும் ஏ-16 இங்கிருந்துதான் புறப்படுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் அண்ணன் நிற்கிறார். தொழில் என்னவென்று கேட்டால் த்ரீவீல் ஓட்டுவதாகச் சொல்வார். த்ரீவீல் கடையோரமாக நிற்பது உண்மை. அது ஓடி நான் பார்த்தது குறைவு.

பஸ்ஸிலிருந்து ஒரு கால் தரையில் படுவதற்குள் இறங்குகிறவர் யாரென்று அண்ணனுக்குத் தெரிந்துவிடும். 'மாத்தயா', 'அக்கே', 'நானா', 'வாங்க மாமா', 'ஹலோ சேர்' என்ற ஐந்தில் ஒன்று சரியாக விழும். சிங்களப் பிள்ளை என்று நினைத்து 'எண்ட நங்கி' (வாங்க தங்கச்சி) என்று கூப்பிட்டு, அது நம்ம தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துவிட்டால், பின்னால் இறங்குகிற யாரையோ கூப்பிட்டதுபோலக் கழுத்தை எட்டி நீட்டுவார். பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். அதற்கும் கை ஆட்டுவார்.

வெள்ளைக்காரர்களுக்கு அவர் செய்யும் பெரிய உபகாரம் தலையாட்டலுக்குப் பொருள் சொல்வது. 220 மீட்டர் உயர தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்க வந்தவர், "இந்த பஸ் போகுமா?" என்று கேட்பார். கொண்டக்டர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவார். வந்தவர் முகம் வாடி மூட்டையை இறக்குவார். அண்ணன் ஓடிப்போய், "சேர், ஹீ இஸ் சேயிங் யெஸ். ஒன்லி நெக் இஸ் சேயிங் நோ!" என்று ஏற்றிவிடுவார்.

கீழே இருக்கிற சிங்களக் கிராமத்துச் சாவு வீட்டுக்குப் போக ஒரு வெள்ளைச் சட்டை எப்போதும் தேய்த்துத் தயாராக இருக்கும். லயத்துச் சாவுக்கு உடம்பில் கிடக்கிற சட்டை போதும். தப்பு அடிக்கிறவர்களுக்குக் கொடுக்கச் சில்லறை மட்டும் வேண்டும். வெசாக்குக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சலில் வரிசையின் முதல் ஆள் அவர். நோன்பு மாதம் ஹப்புத்தளையில் கஞ்சி, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பந்தி விசாரணை. கேட்டால், மதங்களுக்கிடையே புரிந்துணர்வு என்பார். சாப்பாட்டு விஷயத்தில் அவர் எந்த மதத்துக்கும் பாரபட்சம் காட்டியதில்லை என்பதற்கு நான் சாட்சி.

ஆனால் ஆளின் முழு உருவத்தைப் பார்க்க ஏதாவது ஒரு கந்தோருக்கு அவரோடு போக வேண்டும். சேமலாப நிதிக் காசு கேட்டுப் போகும் பாட்டிக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் மூன்றாவது பெயர். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, மறுபடி சிங்களத்தில் பதிந்தால் ஒரு மனுஷி மூன்று பேராகத்தான் வெளியே வருவாள். மேசைக்குப் பின்னால் இருப்பவர் தலை நிமிராமல், "ஹெட்ட எண்ட கியன்ன" என்கிறார். நாளைக்கு வரச் சொல் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அண்ணன் பாட்டி பக்கம் திரும்புவார். "பாட்டி, ஒங்க காரியத்த நிதானமா, பிழையில்லாமச் செஞ்சு குடுக்கணுமுன்னு பெரியவரு நெனைக்கிறாரு."

"ஆறு மாசமா நெனைக்கிறானே, இவன் குடும்பம் வெளங்குமா?"

அண்ணன் மேசைப் பக்கம் திரும்பிக் கைகட்டி, சிங்களத்தில் உருகுவார்: "மாத்தயாவோட குடும்பம் நல்லா இருக்கணும், புண்ணியம் சேரணும்னு அம்மா வேண்டிக்கிறாங்க."

உத்தியோகத்தர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்ப்பார். சீல் விழும்.

இந்த இடத்தில் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இந்த வித்தை தேவைப்படுவதே இல்லை என்பதைக் கவனிக்கத்தான் வேண்டும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அப்படியும் மூன்றாவது அரசகரும மொழியாக அண்ணன் தேவைப்படுகிறார். 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளையில் தமிழர் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர் அவருடைய அப்பா. வாயைத் திறந்தால் லயத்துப் பிள்ளை என்று தெரியக்கூடாது என்பதுதான் மகனுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அண்ணனோ கிரிக்கெட் விளையாடித்தான் சிங்களம் வந்தது என்பார். வீட்டில் அண்ணிக்கு வேறு குறை: "ஊரு பாஷையெல்லாம் வெளங்குது, நான் தேங்கா வாங்கியாரச் சொன்னா மட்டும் வெளங்காது."

இந்தச் சாமர்த்தியத்துக்கு அறிஞர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: பண்பாட்டு நுண்ணறிவு. கிறிஸ்டோபர் ஏர்லியும் சூன் ஆங்கும் 2003இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்கள். அறிவு, ஆர்வம், நடத்தை, தன் நினைப்பைத் தானே கவனிப்பது என்று அதை நாலாகப் பிரித்துக் காட்டுவது வழக்கம். பண்டாரவளை ஹோட்டல் மண்டபம் ஒன்றில் நடந்த பயிற்சிப் பட்டறையில் கொழும்பிலிருந்து வந்த இளைஞர் இந்த நாலையும் திரையில் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. தோட்டத்துப் பெண்களை வேனில் கூட்டிவந்திருந்த அண்ணன் எழுந்து நின்றார். இளைஞர் இருபது நிமிஷம் பேசி முடித்தார். அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "தங்கச்சிமாரே, சோறு ஒன்றரைக்குத்தான். அதுவரைக்கும் தலையாட்டுங்க." எல்லாத் தலைகளும் ஆடின. இவ்வளவு ஆழமாகக் கேட்கும் கூட்டத்தைத் தான் பார்த்ததில்லை என்று இளைஞர் நெகிழ்ந்துபோனார்.

கடைசியில் மதிப்பீட்டுப் படிவம் வந்தது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். எல்லாருடையதையும் அண்ணனே வாங்கி நிரப்பினார். மண்டபத்துக்கு ஐந்துக்கு ஐந்து, சாப்பாட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, பயிற்சியாளருக்கு மட்டும் நாலு. ஏன் என்று கேட்டேன்.

"அஞ்சு போட்டா, நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணும் வெளங்கலன்னு கொழும்புக்குத் தெரிஞ்சிருமேண்ணே."